பாவத்தின் முழு ஆட்டம்

ஜெயிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஒழுங்காகத் தோற்கத் தெரிந்த ஒரே ஒரு மனிதரைத்தான் வாய் தன் ஆயுளில் பார்த்திருந்தான். அவர் அவனுடைய அக்கா புருஷன்.

வாய் என்பது பில்லியர்ட்ஸ் கூடங்களில் அவனுக்கு வைத்த பெயர். ஏன் வைத்தார்கள் என்பது அவன் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எவருக்கும் விளங்கிவிடும். அத்தானுக்கு வைத்த பெயர் பாவம். அவர் பந்தைத் தவறவிடுவதைப் பார்த்தவர்கள் எல்லாரும் வாயெடுத்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் பந்தயத்தைக் கூட்டுவார்கள். சாயங்காலம் காலிச் சட்டைப்பையோடு படியிறங்கும்போது அதே வார்த்தையை வேறு அர்த்தத்தில் சொல்லிக்கொண்டு போவார்கள். இப்படி ஊரான் காசைப் பிடுங்குவது பாவம் என்று.

பந்தைக் குழியில் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கண்ணும் கையும் சண்டை போடாமல் இருந்தால் யாரும் போட்டுவிடலாம். பாவம் தவறவிட்ட பந்தைத்தான் பார்க்க வேண்டும். அது குழியின் விளிம்புவரை போகும், உள்ளே விழலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசிக்கும், பிறகு நின்றுவிடும். பார்க்கிறவனுக்கு அடிவயிற்றில் அய்யோ என்று வரும். அந்த அய்யோவில் ஒருவரும் ஸ்டிக்கால் அடிக்கிற வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றது என்று பார்க்க மாட்டார்கள். அது எதிராளி அடுத்து எதையும் உருப்படியாக அடிக்க முடியாத ஒரு மூலையில், வழி தப்பி வந்ததுபோல் உட்கார்ந்திருக்கும். எதிராளி கத்துக்குட்டி என்றால் கத்துக்குட்டியைவிட ஒரு பந்து கூடுதலாகப் போடுவார். கெட்டிக்காரன் என்றால் கெட்டிக்காரனைவிட ஒரு பந்து. அதற்கு மேல் அவருக்கு எவ்வளவு ஆட வரும் என்பது ஒருவருக்கும் தெரியாது.

வாய்க்கு அதில் இருந்த வேலை, பக்கத்தில் நின்று அளப்பது. "எங்க அத்தானுக்கு ஆசை மட்டும்தாங்க. ஆட்டம் வராது. வீட்ல அக்கா திட்டுவா, ரெண்டு ஆட்டத்தோட கூட்டிட்டுப் போயிடறேன்" என்பான். எந்த நேரத்தில் பந்தயத்தை ஏற்ற வேண்டும் என்பதை அத்தான் சொல்வார். பேசி அல்ல. ஸ்டிக்கின் நுனியில் தேய்க்கிற சாக்கட்டியைக் கை தவறினாற்போல் கீழே போடுவார். சாக் விழுந்தால், இனிமேல் தோற்கப் போவதில்லை, ஏற்று என்று அர்த்தம். வாய் உடனே சட்டைக்குள் கையை விடுவான்.

இந்தத் தொழிலில் பெயர் வாங்குவதும் கடையை இழுத்து மூடுவதும் ஒன்றுதான். கடையை மூடியவன் வேறு யாருமில்லை, நம் வாய்தான். ஜெயித்த மறுநாள் டீக்கடையில் சும்மா உட்கார அவனுக்குத் துப்பில்லை. "நீங்க பாத்ததெல்லாம் ஒரு ஆட்டமா? அவரோட முழு ஆட்டத்தை நானே இன்னும் பாத்ததில்லை" என்று வாய் கிழியப் பேசுவான். அவன் அதுவரை அளந்ததில் அது ஒன்றுதான் நிஜம். அந்த நிஜம் அவர்களுக்கு முன்னாலேயே பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாவத்தின் முழு ஆட்டம் என்று ஒன்று இருக்கிறதாம், அதைப் பார்த்தவன் எவனும் இல்லையாம் என்று ஆரம்பித்து, அதற்குக் கை கால் முளைத்து, கடைசியில் ஒரு ஊரில் கூடத்துக்காரர் அவரைக் கண்டதும் எழுந்து நின்று நாற்காலி போட்டார். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஆட மட்டும் ஒரு ஆள் வரவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் அத்தான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது வாய்க்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சீக்காளி வேஷம் அவன் மூளையில் உதித்ததுதான். சும்மா தோற்றால் இனி எவனும் நம்பப் போவதில்லை. ஆனால் எப்பேர்ப்பட்ட கொம்பனுக்கும் உடம்பு விழத்தானே செய்யும்? "பழைய ஆள் இல்லைங்க இவரு. கை நடுங்குது. டாக்டர் ஆடவே கூடாதுன்னுட்டார். மனசு கேக்காம வந்துட்டார்" என்று வாய் கண்கலங்கச் சொன்னான். அத்தான் கையை நடுங்க வைத்தார், இருமினார், ஒரு காலை இழுத்து நடந்தார். பெயர் பெற்றவனை அவன் படுத்திருக்கும்போது மிதிக்க எல்லாருக்கும் ஆசை. வரிசையாக வந்தார்கள். ஒரு ஊரில் வாய் எதிராளியின் காலிலேயே விழுந்து, "அவரை விட்டுடுங்க, செத்துடுவார்" என்று அழுதான். எதிராளி பந்தயத்தை இரண்டு மடங்காக்கினான். அத்தான் சாக்கைக் கீழே போட்டார்.

இது காதுக்கு எட்டிய அன்று அக்கா தம்பியைச் சமையலறையில் நிறுத்திவைத்துக் கிழித்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. வார்டு வார்டாகப் போய் விரிப்பு மாற்றுவாள், அழுக்கு மூட்டையைத் தள்ளிக்கொண்டு வந்து துவைக்கப் போடுவாள்.

"நான் தினம் அள்ளிட்டு வர்றதெல்லாம் நெசமா விழுந்தவங்க துணிடா. அதை வெச்சு வேஷம் கட்டறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்லை?"

"நடிப்புத்தானேக்கா."

"நாளைக்கு அவருக்கு நெசமா ஒண்ணு வந்தா எவன்டா நம்புவான்?"

அவள் பெரிய டாக்டரின் உதவியாளரைக் கெஞ்சிக் கூத்தாடி, விரிப்பு மடிக்கிற இடத்தில் புருஷனுக்கு ஒரு வேலை வாங்கி வைத்திருந்தாள். திங்கட்கிழமை சேர வேண்டும். அத்தான் சரி என்று தலையாட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊர்க் கறிக்கடைக்காரர் ஆள் அனுப்பினார். எப்போதோ அத்தானிடம் ஏமாந்தவர் அவர். இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு ஆட்டம் ஆட வேண்டும், கேட்கிற பந்தயம் வைக்கிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். வாய் ஒற்றைக்காலில் நின்றான். இது ஒன்றோடு முடித்துக்கொள்ளலாம், வெறுங்கையோடு வேலையில் சேருவானேன் என்றான். அக்கா கடைசியில் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "காசு வருதோ வரலையோ, எனக்குத் தெரியாது. எப்படிக் கூட்டிட்டுப் போறியோ அப்படியே அவரைத் திருப்பிக் கொண்டுவந்து விடணும்." வாய் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். அவன் சத்தியத்துக்கு ஊரில் என்ன மதிப்பு என்பது வேறு விஷயம். இதை அவன் மனதாரத்தான் செய்தான்.

கூடம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ஞாயிறு மத்தியானம், கடை பூட்டியிருந்தும் ரப்பர் நாற்றம் படியெல்லாம் ஏறி வந்தது. இரும்புப் படியில் பாதி ஏறியதும் அத்தான் நின்றார். கைப்பிடிக் கம்பியை இடது கைக்கு மாற்றிப் பிடித்தார்.

"காலையிலேருந்து இந்தக் கை மரத்தாப்ல இருக்குடா. தலையும் ஒரு மாதிரியா இருக்கு."

"அருமை அத்தான். மரத்துப்போச்சுன்னு சொல்றது நடுக்கத்தைவிட நல்லா இருக்கு. அதையே மேல வந்து சொல்லுங்க" என்றான் வாய்.

அத்தான் அவனைப் பார்த்தார். பிறகு மேலே ஏறினார். அந்தப் பார்வையை வாய் பின்னால் எத்தனையோ தடவை நினைத்து நினைத்து மாய்ந்துபோனான். அன்றைக்கு அவனுக்கு அது கண்ணில்கூடப் படவில்லை. மேலே எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் நிறையவே இருந்தது. சுவரோரப் பெஞ்சுகளில் இடமில்லாமல் ஜன்னல் கட்டையிலும் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்கு மேலே தொங்கிய விளக்கு ஆடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் வியர்வை வாடை கட்டியாக நின்றது. கறிக்கடைக்காரர் நல்ல வெள்ளைச் சட்டை போட்டு மேசையருகே காத்திருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். அத்தானைக் கண்டதும் கும்பிட்டார்.

"பழி வாங்கக் கூப்பிடலைங்க. அன்னைக்கு நீங்க என்னைத் தோக்கடிச்சீங்க, அதுல எனக்கு வருத்தமில்லை. என்னைத் தோக்கடிக்க எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் ஆடுனீங்க பாருங்க, அது உறுத்துது. இன்னைக்கு உங்க முழு ஆட்டத்தைப் பாக்கணும்."

"முழு ஆட்டமெல்லாம் எங்கேங்க? அவருக்கு உடம்பே முடியலை" என்று வாய் தன் பாட்டைத் தொடங்கினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கூடத்துக்காரர் போய்ப் படிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஆட்டம் பாதியில் இருக்கும்போது நழுவிப் போவதும் இந்த இரண்டு பேரின் வழக்கம் என்று கேள்விப்பட்டிருந்தாராம். அப்படி ஒரு தடவைகூட அவர்கள் செய்ததில்லை. கதை பெருக ஆரம்பித்தால் இதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

அத்தான் கொஞ்சம் நன்றாகவே தொடங்கினார். பிறகு, எளிதான ஒரு பந்தை விளிம்பில் நிறுத்தினார். அடுத்த முறை ஆட வந்தபோது வலது காலை இழுத்து நடந்தார். ஸ்டிக்கின் நுனியில் சாக்கைத் தேய்க்கப் போனார், சாக் கையிலிருந்து விழுந்து மேசைக்கு அடியில் உருண்டது.

வாய்க்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று ஒரு கணம் யோசித்தான். அத்தானுக்குத் தெரியாததா என்று சட்டைக்குள் கையை விட்டு, இருந்ததை எல்லாம் உருவி மேசை விளிம்பில் வைத்தான். "ஏத்தறேன்" என்றான். கறிக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே தன் பங்கை வைத்தார்.

அத்தான் அடித்தார். ஸ்டிக் வெள்ளைப் பந்தின் ஓரத்தைச் சீண்டிவிட்டு மேசைத் துணியைக் கீறியது. பந்து மேசையின் ஓரச் சுவரில்கூடப் போய் முட்டவில்லை. இவ்வளவு அசிங்கமாக அவர் அதுவரை தவறவிட்டதே கிடையாது. கூட்டம் கைதட்டியது. அவர் நிமிர்ந்தார். அவர் உதட்டின் வலது ஓரம் கீழே தொங்கியது. ஏதோ சொன்னார். நாக்கு தடித்துப்போய் ஒன்றும் புரியவில்லை. கடைவாயில் எச்சில் ஒழுகியது.

"அடேங்கப்பா" என்றார் பெஞ்சிலிருந்த ஒருவர். "மனுஷன் அசத்துறான்யா."

வாயும் அசந்துதான் போனான். எச்சில் ஒழுகுவது அவர்கள் பேசிவைத்ததில் இல்லை. இந்த மனிதர் தன்னையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டார் என்று பெருமைப்பட்டான். கூட்டத்தில் மற்ற எல்லாரும் ஏமாறக் கூடாதென்று விழிப்போடு இருந்ததால் நம்பவில்லை. அவன் ஒருவன்தான் சந்தோஷத்தோடு நம்பவில்லை.

அப்போது அக்கா போன் செய்தாள். அவன் ஜன்னலோரம் ஒதுங்கிப் போய் எடுத்தான்.

"எப்ப வர்றீங்க?"

"முடியப் போவுதுக்கா. அத்தான் இன்னைக்குப் பண்றதைப் பாக்கணுமே நீ. கால இழுக்கிறார், நாக்கு குழறுது, பாதி மூஞ்சி அப்படியே தொங்குது. எச்சில்கூட விடறார். நானே ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று அவன் போனைப் பார்த்தான்.

"எந்தப் பக்கம் தொங்குது?" என்று கேட்டாள். குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது.

"வலது பக்கம்."

"காலும் அதே பக்கமா? கையும்?"

"ஆமா."

"டேய். நடுங்கலாம், இருமலாம், நொண்டலாம். பாதி மூஞ்சியை மட்டும் தொங்கப்போட எவனாலயும் முடியாதுடா. வார்டுல நான் பாத்த மூஞ்சிடா அது. அவரைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. நிமிஷம் போகப் போக மூளை உள்ள செத்துக்கிட்டே வரும்னு சொல்லுவாங்க. ஓடுடா."

போனை அணைக்கக்கூடத் தோன்றாமல் அவன் திரும்பினான். அத்தான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்களில் நடிப்பு என்று ஒரு துளி இல்லை.

"நிறுத்துங்க" என்று கத்தினான். "அத்தானுக்கு நெசமாவே முடியலை. பக்கவாதம். கதவைத் திறங்க."

சிரிப்பு கூரையைப் பிய்த்தது.

"நெசமாவேன்னு சொல்லிட்டான்பா" என்றது ஒரு குரல்.

"யாருக்குக் காது குத்துறே?" என்றது இன்னொன்று.

"காசு வேணாம். எல்லாத்தையும் எடுத்துக்குங்க. தோத்துட்டோம்" என்று வாய் மேசைமேல் இருந்ததை எல்லாம் கறிக்கடைக்காரர் பக்கம் தள்ளினான். அவர் அதை மெல்லத் திருப்பித் தள்ளினார். தோல்வியை இவர்கள் தானமாகக் கொடுத்தால் அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய உள்குத்து இருக்கும் என்று பயந்தவர்போல் இருந்தது அவர் முகம். வாய் அவர் காலில் விழுந்தான். கால்ல விழறதெல்லாம் போன ஊர்லயே பாத்தாச்சு என்றார்கள். அழுதான். அழுகையைப் பற்றியும் கேள்விப்பட்டிருந்தார்கள். அக்கா தலைமேல் சத்தியம் செய்தான். அக்கா இருக்கிறாளா முதலில் என்று கேட்டார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனைத் தூக்கியபோது பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடுங்கிக்கொண்டது. ஆள் செட்டப் பண்ணி வைத்திருக்கிறானாம். வாழ்நாள் முழுக்கப் பேசியே பிழைத்தவன் அவன். அன்றைக்குத் தேடித் தேடிப் பார்த்தான், பொய்க்குச் செலவழிக்காத வார்த்தை ஒன்றுகூட அவனிடம் மிச்சமில்லை.

கறிக்கடைக்காரர் அத்தானின் அருகில் போனார். மரியாதையாகத்தான் பேசினார்.

"எனக்குக் காசு வேணாங்க. நீங்க தோக்கறதும் வேணாம். இருக்கிற பந்தை உங்க சொந்த ஆட்டத்துல ஆடிக் காட்டுங்க. கடைசிக் கறுப்பு விழுந்த நிமிஷம் கதவைத் திறந்து நானே வண்டி வெச்சு வீட்ல விடறேன். நெசமா ஆடறவரைக்கும் யாரும் இங்கேருந்து போகப் போறதில்லை."

அத்தானுக்கு அது எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கதவைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். பிறகு ஸ்டிக்கை இடது கையில் எடுத்தார்.

அவர் இடது கையால் ஆடி வாய் ஒரு நாளும் பார்த்ததில்லை. வலது கை உயிரில்லாமல் தொங்கியது. அதை இடது கையால் மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, ஒரு சாமானை வைப்பதுபோலப் பச்சைத் துணிமேல் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சரிசெய்தார். வயிற்றை மேசை விளிம்பில் சாய்த்து நின்றுகொண்டு, அந்தச் செத்த கையின் முட்டிமேல் ஸ்டிக்கை ஓடவிட்டு அடித்தார்.

பந்து விளிம்பைத் தொடாமல் உள்ளே போனது. வெள்ளைப் பந்து அடுத்த பந்துக்கு நேர் எதிரே வந்து நின்றது. அவர் கையைத் தூக்கி நகர்த்தி வைத்தார், காலை இழுத்தார், அடித்தார். அதுவும் விழுந்தது. யோசிக்கவில்லை, குறிபார்க்க நிற்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர்போல ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். மேசையின் அந்தக் கோடியில் இரண்டு பந்துக்கு நடுவில் ஒளிந்திருந்த ஒன்றைச் சுவரில் தட்டித் திருப்பி எடுத்து வந்து இந்தக் கோடிக் குழியில் விழ வைத்தார். ஜன்னல் கட்டையில் இருந்தவர்கள் இறங்கி நின்றார்கள்.

இதுதான் அது என்று வாய்க்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக வலது கையில் பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை. நிஜமான கையான இடது கையை ஸ்டிக்குக்கு முட்டுக்கொடுக்க மட்டும் வைத்துக்கொண்டே இந்த மனிதர் ஊரை ஜெயித்திருக்கிறார். இரண்டு பந்துகள் விழுகிற நேரம் அவன் அக்காவை மறந்தான், ஆஸ்பத்திரியை மறந்தான், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அந்த இரண்டு பந்துகளுக்காக அவன் தன்னை மன்னித்ததேயில்லை.

பிறகுதான் உறைத்தது. விழுகிற ஒவ்வொரு பந்துக்கும் கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியது. "பாத்தியா? சீக்காளியாம்ல?" இவர் தவறவிட்டிருந்தால் ஒருவனாவது சந்தேகப்பட்டிருப்பான். "அத்தான், வேணாம், விட்டுடுங்க, தவறவிடுங்க" என்று அவன் அலறினான். இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஆட்டத்தைக் கெடுக்காதே என்றார்கள். அத்தான் அவன் குரல் வந்த பக்கம் திரும்பவேயில்லை. கறுப்புப் பந்து மூலைக் குழியில் விழுந்தது.

கூடம் இடிந்தது. விசில் அடித்தார்கள், பெஞ்சில் ஏறி நின்று குதித்தார்கள். கறிக்கடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "பாத்துட்டேன்யா, பாத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அத்தானை இடுப்பில் பிடித்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். மேசையைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். அத்தானின் தலை அவர் முதுகில் இப்படியும் அப்படியும் இடித்தது. "இன்னும் விடலை பாரு, நடிப்பை" என்று ஒருவர் அவர் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார்.

இரண்டாவது சுற்றில் கறிக்கடைக்காரர் நின்றார். தோளில் எடை சுமக்கிறதே தொழில் அவருக்கு. தன்னைத் தானே தாங்கிக்கொள்கிற எடைக்கும், தாங்காமல் வெறுமனே கிடக்கிற எடைக்கும் உள்ள வித்தியாசம் அவர் தோளுக்குத் தெரியும். வெள்ளைச் சட்டையில் சூடாக ஈரம் இறங்கியது. சிறுநீர். அவர் கதவை நோக்கி நடந்தார். தாழ்ப்பாளை அவரே நீக்கினார். பின்னால் கைதட்டிக்கொண்டு வந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, "நிறுத்துங்கடா" என்றார். அந்தச் சின்னக் குரலுக்கு எல்லாரும் நின்றார்கள். படியிறங்கி ஓடினார், வாய் பின்னால் ஓடினான்.

உயிர் பிழைத்தது. ஆனால் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் நிறையக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்சம் எங்கே போனது என்பதை வாய் அவரிடம் சொல்லவில்லை. அக்கா கேட்டாள், அவளிடம் சொன்னான். அவள் அடிப்பாள் என்று காத்திருந்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சின்ன வயசுல அவருக்கு எல்லாம் இடது கைதான். பள்ளிக்கூடத்துல அடிச்சு மாத்திட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஆட்டம் இப்போது ஊர் ஊராகச் சுற்றுகிறது. பாவம் ஒரு பக்கத்தை மட்டும் சாகடித்துக்கொண்டு மறுபக்கத்தால் மேசையைக் காலி செய்தார் என்கிறார்கள். அவர் போட்ட நாடகங்களிலேயே அதுதான் உச்சம் என்கிறார்கள். கறிக்கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அது நிஜம் என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரும் கூட்டணியில் சேர்ந்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். வாய் கூடம் கூடமாகப் போய்ச் சொல்லிப் பார்த்தான். "நல்லா சொல்றப்பா" என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த ஆட்டம் எங்கே என்று காதோடு கேட்டார்கள். இப்போது அவன் எங்கும் போவதில்லை. சலவைப் பிரிவில் அத்தானுக்கு வைத்திருந்த வேலையில் அவன்தான் விரிப்பு மடிக்கிறான்.

வீட்டுக்கு ஆட்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. அத்தான் ஜன்னலோர நாற்காலியில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் எதிரே நின்று வெகுநேரம் உற்றுப் பார்ப்பார்கள். சிலர் கண்ணடிப்பார்கள். ஒருவர் சட்டென்று அவர் முகத்துக்கு நேரே கையை ஓங்கிப் பார்த்தார், வலது கை எழும்புகிறதா என்று. அக்கா அவரை வெளியே தள்ளினாள்.

நேற்றும் நாலைந்து பேர் வந்தார்கள். எங்கிருந்தோ பஸ் ஏறி வந்தவர்கள். போகும்போது ஒவ்வொருவராக அத்தானைக் கும்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்கள். வாய் கதவைச் சாத்தினான். அத்தானின் கடைவாயைத் துடைத்தான், சரிந்திருந்த கையைத் தூக்கி மடியில் வைத்தான். அவர் எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்தான். பிறகு அவர் காதருகே போய், ரொம்பச் சின்னக் குரலில், "எல்லாரும் போயிட்டாங்க அத்தான். போதும், எந்திரிங்க" என்றான்.

அத்தான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஈரத்துணியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் போயிற்று. அவள் வந்து, துணியைப் பிழிந்து, புருஷனின் கழுத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நானும் கேட்டுப் பாத்துட்டேன்டா" என்றாள்.